மழைக்குப் புரட்டிய கல்

எங்கள் ஊர்க் கரட்டு உச்சியில் இருக்கிற சர்வே கல்லுக்குப் போகிற வழியை என்னை மாதிரி அறிந்தவன் ஆமத்தூரிலிருந்து சாத்தூர் வரைக்கும் எவனும் கிடையாது. கண்ணைக் கட்டி விட்டாலும் ஒரு முள் தைக்காமல் போய்க் கல்லைத் தொட்டுவிட்டு வந்துவிடுவேன்.

அவ்வளவும் பொய். போன ஆடி மாதம் வரைக்கும் அந்தக் கல்லை நான் கண்ணால் கண்டது கிடையாது. எனக்குத் தெரிந்த வழியெல்லாம் வீட்டிலிருந்து டீக்கடை, டீக்கடையிலிருந்து லாரி ஷெட். லோடு ஏற்றுகிற பிழைப்பு. தீப்பெட்டிப் பண்டலோ பட்டாசுப் பெட்டியோ, எது வந்தாலும் முதுகைக் கொடுப்பேன். பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா என்பது இன்னும் தீர்ப்பாகாத வழக்கு.

ஆனாலும் அந்தப் பொய்யை ஒரு சர்க்கார் அதிகாரியிடமே சொன்னேன். விஷயம் எங்கள் அக்காளுடைய கிணறு.

கரட்டின் அடிவாரத்தில் அக்காளுக்குக் கொஞ்சம் கரிசல் காடு. அத்தான் உயிரோடு இருந்தபோது, பாறைக்கு வேட்டு வைத்து வைத்து ரெண்டு பேருமாகத் தோண்டிய கிணறு அதில் இருக்கிறது. அத்தான் போய்விட்டார், கிணறு நின்றது. எங்கள் ஊரில் எங்கே போர் போட்டாலும் உப்புத் தண்ணீர்தான் வரும். அதில் டீ போட்டால் மோர்க் குழம்பு மாதிரி இருக்கும். அக்கா கிணற்றில் மட்டும் இளநீர். ஊரே அங்கேதான் குடத்தை முக்கியது. அக்கா யாரையும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

கரட்டுக்கு அந்தப் பக்கம் பக்கத்து ஊர் எல்லை. அங்கே ஒரு பட்டாசுக் கம்பெனி. போன வருஷம் அவர்கள் இன்னும் கொஞ்சம் இடம் வாங்கி ஷெட்டுகளைப் பெருக்கினார்கள். பொக்லைன் வந்தது, எல்லைக் கற்களையெல்லாம் பல் பிடுங்குவது போலப் பிடுங்கிப் போட்டது. கல்தூண் நட்டு முள்கம்பி கட்டிக்கொண்டே வந்தவர்கள் அக்கா கிணற்றையும் உள்ளே வைத்துக் கட்டிவிட்டார்கள். கேட்டால், கிணறு பக்கத்து ஊர் எல்லைக்குள் வருகிறது, எங்கள் இடம் என்றார்கள். அக்கா தாலுகா ஆபீசுக்கு நடந்து நடந்து, கடைசியில் ஒரு நாள் சர்வேயர் வந்தார்.

சர்வேயர் ஒரு சின்ன வயதுப் பெண். கழுத்தில் சிறிய சிலுவை, தலையில் தொப்பி, கையில் ஒரு மிஷின். பேச்சு திருநெல்வேலிப் பக்கம். அந்த மிஷின் வானத்தைப் பார்த்தே இடத்தைச் சொல்லிவிடுமாம். ஆனால் அதற்கும் ஆரம்பிக்க ஒரு கல் வேண்டுமாம். கீழே கல் எல்லாம் போய்விட்டதால், உச்சியில் இருக்கிற கல்லிலிருந்து கண்மாய்க் கரையில் இருக்கிற கல்லுக்கு ஒரு கோடு பிடிக்க வேண்டும். கோட்டுக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊர், அந்தப் பக்கம் அவர்கள் ஊர். கயிற்றை இழுத்துக் கட்டின மாதிரி. அவ்வளவுதான் கணக்கு.

"மேல போறதுக்கு வழி தெரிஞ்ச ஆளு யாரும் இருக்காங்களா?" என்று அந்தப் பிள்ளை கேட்டது.

அக்கா வாயைத் திறப்பதற்குள் நான் திறந்துவிட்டேன். "நான் இருக்கேன் மேடம். ராத்திரி தூக்கத்துலகூட அங்கனதான் போயிட்டு வருவேன்."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கூட்டிட்டுப் போங்க தாயி. இவன் எந்தப் பக்கம் போறானோ, அதுக்கு எதுத்தாப்ல போனீகன்னா சரியாப் போயிருவீக."

உண்மையில் வழி அக்காவுக்குத்தான் தெரியும். அந்த உச்சி பொம்பளைகள் போகிற இடம். புரட்டாசியில் மழை தவறினால் எங்கள் ஊர்ப் பெண்கள் விடியற்காலம் கூட்டமாக மேலே போவார்கள். அந்தக் கல்தான் அவர்களுக்கு மழைச்சாமி. முதலில் அதை வாய்க்கு வந்தபடி வைவார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து தள்ளி, மூக்கு தரையில் படுகிற மாதிரி குப்புறப் புரட்டிப் போட்டுவிட்டு இறங்கிவிடுவார்கள். மூச்சு முட்டி சாமி மழையை விட வேண்டுமாம். மழை பெய்ததும் தேங்காய் பழத்தோடு போய், மன்னிப்புக் கேட்டு நிமிர்த்தி வைப்பார்கள். அன்றைக்கு ஆம்பிளை போகக் கூடாது, வசவு காதில் விழக் கூடாது. எங்கள் ஊர்ப் பெண்களின் வசவை நான் கீழேயே போதுமான அளவு கேட்டிருப்பதால் எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை.

இதில் ஒரு கூத்து உண்டு. அந்தப் பெண்களில் முக்கால்வாசிப் பேர் பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர்கள். வெடித் திரியும் மணியாக உருட்டிய வெடி மருந்தும் காய வெயில் வேண்டும். மேகம் கூடினால் வேலை நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை மழை வா என்று கல்லைப் புரட்டிவிட்டு வருவார்கள். திங்கட்கிழமை கம்பெனி வாசலில் நின்று வானத்தைப் பார்த்து, சனியன் பிடிச்ச மேகம் என்று வைவார்கள். சாமி யார் பேச்சைக் கேட்கும்? இந்த ஜில்லாவில் மழை ஏன் இப்படிப் பெய்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த விளக்கம் இதுதான்.

சர்வேயர், அக்கா, நான், கம்பெனி சார்பில் அதன் போர்மேன், நாலு பேர் கிளம்பினோம். போர்மேன் வேற்றாள் இல்லை. எங்கள் ஊர்க்காரர், செத்துப்போன அத்தானுக்குச் சித்தப்பா மகன். அக்காவை மதினி என்பார், எனக்கு மச்சான் முறை. கையில் ஒரு தண்ணீர் கேனும் பிஸ்கட் பாக்கெட்டும் கொண்டுவந்திருந்தார்.

"வெயிலுக்கு முன்னால ஏறிருவோம் மதினி. மெல்ல வாங்க."

"வேலியப் போடும்போது மெல்லப் போடலையே கொழுந்தனாரு?" என்றாள் அக்கா.

"நானா போட்டேன்? மொதலாளி சொன்னாக, செஞ்சேன்."

"நீ நல்லவன்தான்ப்பா. ஒன் கைதான் கெட்டது."

மிஷினின் முக்காலியை என் தோளில் ஏற்றிவிட்டார்கள். வழி தெரிந்தவன்தானே முன்னால் போக வேண்டும். பெண்கள் வழக்கமாக ஏறுகிற தடத்தின் வாய் இப்போது கம்பிவேலிக்குள் மாட்டிக்கொண்டதால், நாங்கள் ஓடைப்பக்கமாகச் சுற்றி நுழைந்தோம். நுழைந்ததும் சீமைக்கருவேலம். மரமா அது, போலீஸ் படை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சட்டையைப் பிடித்து விசாரித்தது. ரப்பர் செருப்பில் ஏறிய முள் செருப்பைத் தாண்டி என்னையும் நலம் விசாரித்தது. நான் வெளியே காட்டிக்கொள்ளாமல், "இந்தா, இந்தப் பாறை வந்துருச்சுல்ல, அவ்வளவுதான் மேடம்" என்று தெம்பாகச் சொல்லிக்கொண்டே போனேன்.

கொஞ்ச நேரத்தில் அதே பாறை மறுபடி வந்தது.

"அண்ணே, இத நாம ஏற்கனவே பாத்துட்டோம்லா?" என்றது சர்வேயர் பிள்ளை.

"இது அதோட தம்பி மேடம். ஒரே சாடையா இருக்கும்."

போர்மேன் சிரித்துவிட்டார். "மாப்ள, நீ இதுக்கு முந்தி இங்கன வந்திருக்கியா, நெசத்தச் சொல்லு."

"வந்திருக்கேன் மச்சான். எங்கம்மா வயித்துல இருந்தப்ப."

அக்கா என் தோளைப் பிடித்து ஓரமாக நிறுத்தினாள். இடுப்பிலிருந்த அரிவாளை எடுத்து முன்னால் நடந்தாள். முள்ளை வெட்டவில்லை, கிளையை அரிவாளின் முதுகால் தள்ளிப் பிடித்து எங்களை விட்டு, பிறகு தான் நுழைந்தாள். கருவேலம் முடிந்து விராலிச் செடி வந்தது, அதற்கு மேல் சப்பாத்திக்கள்ளி. ஆடிக் காற்று மேலே போகப் போகப் பிடரியில் அறைந்தது. சர்வேயரின் தொப்பி ஒரு தடவை பறந்து கள்ளியில் போய் உட்கார்ந்தது. அதை எடுக்கப் போன எனக்குக் கை நிறையச் சுணை. தொப்பி இல்லாத என் தலை மட்டும் பத்திரமாக இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லாததால் காற்றுக்கும் அதில் அக்கறை இல்லை.

பாதி ஏறியதும் உட்கார்ந்தோம். கீழே கம்பெனி ஷெட்டுகள், ஒன்றை ஒன்று தொடாமல் தள்ளித் தள்ளி, சண்டை போட்டுக்கொண்ட பங்காளி வீடுகள் மாதிரி. ஒன்று வெடித்தால் அடுத்தது பிழைக்க வேண்டும் என்று அப்படிக் கட்டுவார்கள். வேலிக்குள் அக்கா கிணறு கறுப்பாய் வட்டமாய்த் தெரிந்தது.

"அதுவா உங்க கெணறு?" என்று சர்வேயர் பிள்ளை கேட்டது.

"அதான் தாயி. அதுக்கு மண்ணு சுமந்தப்ப ரெண்டு பிள்ளை எனக்குக் கலைஞ்சு போச்சு. மூணாவதா தண்ணி பெறந்துச்சு."

போர்மேன் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து நீட்டினார். அக்கா எடுக்கவில்லை. நான் எடுத்தேன். மானம் என்பது குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் போதும்.

உச்சி என்று சொல்லும்படி பெரிய இடமில்லை. வழுக்கைப் பாறை, எங்கள் ஊர்ப் பக்கமாகக் கொஞ்சம் சரிந்து கிடந்தது. கல் நின்றுகொண்டிருந்தது. முழங்கால் உயரம், உரல் பருமன், கொத்திச் செதுக்கிய கருங்கல். தலையில் ஒரு முக்கோணம் வெட்டியிருந்தது, பக்கவாட்டில் யாருக்கும் படிக்க வராத எழுத்து. முக்கோணத்தில் மஞ்சள், குங்குமம், எண்ணெய்ப் பிசுக்கு. வெள்ளைக்காரன் நிலம் அளக்க நட்டதை, எங்கள் பெண்கள் வானத்தை அளக்க வைத்துக்கொண்டார்கள்.

சர்வேயர் பிள்ளை ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் பக்கத்தில் போனது. அது அதற்குக் கும்பிடுகிற சாமி இல்லை, ஆனாலும் கழற்றியது. குனிந்து கல்லின் அடியைப் பார்த்தது. விரலால் நோண்டியது. முகம் மாறியது.

"இது பாறையில பதிச்ச கல் இல்லையே. சுத்திவர சல்லிய அண்டக் குடுத்துல்லா நிக்கிது? யாராவது நகத்துனீங்களா?"

எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. புரட்டுவார்கள், நிமிர்த்துவார்கள். புரட்டும்போது கல் சரிவில், எங்கள் ஊர்ப் பக்கமாக ஒரு சுற்று வரும். நிமிர்த்தும்போது யார் அதை மேட்டுக்கு ஏற்றுவார்கள்? விழுந்த இடத்திலேயே நிமிர்த்தி, பொட்டு வைத்துவிட்டு வருவார்கள். மழை இல்லாத வருஷங்களுக்கா எங்கள் ஊரில் பஞ்சம்? வருஷா வருஷம் கல் கீழே நடந்து வந்திருக்கிறது. கல் எங்கள் பக்கம் வந்தால் கயிறும் எங்கள் பக்கம் வரும். கயிறு எங்கள் பக்கம் வந்தால், கிணறு?

நான் சுற்றிலும் பார்த்தேன். மேட்டுப் பக்கம் எங்காவது பழைய குழி இருக்க வேண்டும். மேட்டுப் பக்கம் அக்கா நின்றுகொண்டிருந்தாள். கல்லுக்குப் பக்கத்தில் வராமல், தள்ளி, காலை அகட்டி நின்றாள். அந்தக் காற்றிலும் சேலைக் கொசுவத்தைப் பறக்கவிடாமல் ரெண்டு கையாலும் பிடித்துக் கீழே அழுத்தியிருந்தாள். கொசுவத்துக்கு அடியில், அவள் பாதத்துக்குப் பக்கத்தில், பாறையில் சதுரமாக வெட்டிய ஒரு குழியின் ஓரம் தெரிந்தது.

அவள் கிணற்றைக் காப்பாற்றுகிற குழி. அதன்மேல் அவளே நின்றுகொண்டிருந்தாள்.

"யக்கா" என்று வாயெடுத்தேன்.

"சும்மா கெடலே."

போர்மேன் தண்ணீர் கேனின் மூடியைத் திருகிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் கேட்டார்: "சர்க்காரு கல்ல நகத்துனா கேசு ஆகும்ல மேடம்?"

"ஆகும். யாருன்னு தெரிஞ்சா நான் எழுதிக் குடுத்துத்தான் ஆகணும். போலீசுக்குப் போயிரும்." சொல்லிவிட்டு அந்தப் பிள்ளை அக்காவைப் பார்த்தது. "அம்மா, நீங்க இந்த ஊர்தானே. கல்லு முன்னாடி வேற எடத்துல இருந்துச்சா? தெரிஞ்சாச் சொல்லுங்க. உங்க நல்லதுக்குத்தான் கேக்கேன்."

அக்கா போர்மேனைப் பார்த்தாள். போர்மேன் மூடியைத் திருகினார், திறந்தார், மறுபடியும் திருகினார். அவர் பெண்டாட்டியும் வருஷா வருஷம் இந்தக் கல்லில் கை வைத்தவள்தான். அது அக்காவுக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அவளை அக்கா காட்டிக்கொடுக்க மாட்டாள் என்ற தைரியத்தில்தான் அந்த மனுஷன் கேசைப் பற்றிக் கேட்டார். இப்போது நினைத்தாலும் எனக்கு வாய் கசக்கிறது. கெட்டவனிடம் ஏமாந்தால் ரெண்டு நாள் வைதுவிட்டு மறந்துவிடலாம். நம்முடைய நல்ல குணத்தை எடை போட்டு வைத்திருக்கிறவனிடம் என்ன செய்வது?

"அது அங்கனயேதான் தாயி இருக்கு," என்றாள் அக்கா. "யாரும் தொட மாட்டாக. சாமில்ல."

சர்வேயர் பிள்ளை மறுபடி குனிந்து கல்லின் அடியைப் பார்த்தது. பிறகு முக்காலியை விரித்தது. நான்தான் பிடித்துக்கொண்டேன். வாழ்க்கையில் முதல் தடவை ஒரு சர்க்கார் வேலையில் உதவி செய்தேன், அதுவும் அக்கா கிணற்றைக் கை மாற்றிக் கொடுக்கிற வேலை. மிஷின் கீச்சென்றது. அந்தப் பிள்ளை கண்மாய்க் கரையைப் பார்த்தது, கையிலிருந்த சர்வே படத்தைப் பார்த்தது, மறுபடி அளந்தது. மூன்றாவது தடவையும் அளக்கப் போனபோது அக்காவே சொன்னாள், "விடும்மா, வெயில் ஏறுது."

கோடு கிணற்றுக்கு இந்தப் பக்கம் விழுந்தது. ரெண்டு ஆள் நீட்டிப் படுக்கிற தூரம்தான். கிணறு கம்பெனிக்குப் போனது.

இறங்கும்போது போர்மேன் சர்வேயரைக் கூட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டார். நானும் அக்காவும் பின்னால். எனக்கு வந்த ஆத்திரத்தில் முள் குத்தினது தெரியவில்லை, குத்தினது தெரியாத ஆத்திரத்தில் வேறு ரெண்டு முள் மேல் மிதித்தேன்.

"குழி மேல நின்னுக்கிட்டே பொய் சொல்ற. ஒனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"யாரு பேரச் சொல்லச் சொல்ற? ஊர்ப் பொம்பளைக அம்புட்டுப் பேரும் தொட்ட கல்லுலே அது. கொழுந்தன் பெண்டாட்டி கைப்பிள்ளைய இடுப்புல வச்சிக்கிட்டே தள்ளுனா. அவளச் சொல்லவா? அடுத்த வீட்டுக்காரி புருசன் செத்து முப்பது கழியல, மழை வந்தா வெதைக்கலாம்னு ஓடி வந்தா. அவளச் சொல்லவா?"

"ஒம் பேர மட்டும் சொல்லிருக்கலாம்ல?"

"அம்புட்டுப் பெரிய கல்ல நான் ஒத்தையாளாப் புரட்டுனேன்னா அந்தப் பிள்ளை நம்புமா? போலீசு வரும், ஒவ்வொருத்தியாக் கூப்பிடும். போலீசுல பேரு அடிபட்டா மறுநாள் கம்பெனியில வேலைய விட்டு நிப்பாட்டிருவான். அவளுக தீவாளி சீசன் போயிரும்." கொஞ்ச தூரம் நடந்தாள். "எங்கிணத்துல தண்ணி எடுத்தவளுகதான அம்புட்டுப் பேரும்."

"இனிமே எங்க எடுப்பாளுக?"

அவள் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள்.

பதிலைக் கம்பெனி சொன்னது. முள்கம்பிக்கு வெள்ளி பெயிண்ட் அடித்து முடித்ததும், ஊர் மேல் இரக்கப்பட்டு ஒரு தண்ணீர் லாரியை அனுப்பினார்கள். வாரத்துக்கு ரெண்டு தடவை. லாரியின் முதுகில் முதலாளி படம் கும்பிட்டபடி சிரிக்கிறது. தண்ணீர் எங்கே நிரப்புகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு வாய் குடித்தாலே தெரியும். அக்கா அந்தத் தண்ணீரைக் குடத்தில் வாங்கி, தலைக்கு ஏற்றி, யாருடனும் பேசாமல் வீட்டுக்குப் போவாள். பெண்கள் அவளுக்கு முன்வரிசையை விட்டுக் கொடுத்தார்கள். அவள் கடைசியில்தான் போய் நிற்பாள்.

புரட்டாசியும் காய்ந்தது. போன வாரம் பெண்கள் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். நான் கட்டிலில் படுத்துத் தூங்குகிற மாதிரி நடித்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கைவந்த ஒரே தொழில்.

"யக்கா, வாங்க. கல்லப் புரட்டிட்டு வந்துருவோம். காடெல்லாம் வெடிச்சுக் கெடக்கு."

"நான் வரல. நீங்க போயிட்டு வாங்க."

போர்மேன் பெண்டாட்டி கூட்டத்தின் பின்னால் நின்றாள். உச்சியில் அன்றைக்கு நடந்தது அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவள்தான் முன்னால் வந்தாள். "நீங்க கை வச்சாத்தான் யக்கா அது அசையும்."

"அசைஞ்ச வரைக்கும் போதும் ஆத்தா" என்றாள் அக்கா.

அவர்கள் போய்விட்டார்கள். விடிந்ததும் நான் கொல்லைப்பக்கம் போனபோது அக்கா அங்கே நின்று கரட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். உச்சியில் சிவப்பும் பச்சையுமாகச் சேலைகள், எறும்பு மாதிரி. தள்ளுகிறார்கள், நிற்கிறார்கள், மறுபடி தள்ளுகிறார்கள். கல் அசையவில்லை. அக்காவின் கை தானாக முன்னால் நீண்டது. "அடியில கம்பக் குடுங்கடி, கம்பக் குடுங்க" என்று முணுமுணுத்தாள். இங்கிருந்து யாருக்குக் கேட்கும்? அவள் தோள் அவர்களோடு சேர்ந்து குலுங்கியது. நான் பின்னால் நிற்பது அவளுக்குத் தெரியாது.

"யக்கா, நெசமாவே இன்னும் மழ வேணுமா ஒனக்கு?" என்று கேட்டேன்.

திரும்பினாள். அடிப்பாள் என்று ஒரு எட்டு பின்னால் வைத்தேன். அடிக்கவில்லை. முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு அவள் சொன்னது—

"ஏலே! எங்கன போய்த் தொலைஞ்ச? லாரி வந்துருச்சு, கொடத்தத் தூக்கிட்டு ஓடியாலே!"

இருங்கள், மிச்சத்தை வந்து சொல்கிறேன், அக்காதான் கூப்பிடுகிறாள்.